வாசலில் கிடந்த செருப்பு

அந்தப் பையில் என்ன இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து, ஒரு போத்தல். அதைக் கொண்டுவந்த பெண்ணை ஆலய வாசலில் மறித்து, பையைத் திறந்து காட்டாவிட்டால் உள்ளே விட முடியாது என்று திருப்பி அனுப்பியவள் நான்தான். அதற்குள் இருப்பது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைப் பல நாட்கள் ஒரு சாட்டாக வைத்திருந்தேன். இப்போது அந்தச் சாட்டும் கைவசம் இல்லை.

எங்கள் மெதடிஸ்த ஆலயம் மட்டக்களப்பு நகருக்குள், வாவிப் பக்கம் இறங்கும் தெருவில் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு உயிர்த்த ஞாயிறு காலை என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. அந்தக் குண்டுச் சத்தத்தைக் குசினியில் நின்று கேட்டேன், கையில் இருந்த சட்டி கீழே விழுந்தது, அவ்வளவு போதும். அதன் பிறகு ஆலய வாசல்களில் மேசை வந்தது. முதலில் இராணுவம் நின்றது, பிறகு பொலிஸ் நின்றது, அவர்களும் போன பிறகு நாங்களே நின்றோம். ஆண்களின் பையை ஆண்கள் பார்ப்பது, பெண்களின் பையைப் பெண்கள் பார்ப்பது. முகம் தெரியாத ஆள் வந்தால் கொப்பியில் பெயரும் ஊரும் எழுத வேண்டும். உள்ளே இருந்து சபையார் ஒருவர் வந்து, இவர் என் பொறுப்பு என்று பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்.

மற்ற இடங்களில் இதெல்லாம் மெல்ல மெல்லத் தளர்ந்துவிட்டது. எங்களிடம் தளரவில்லை. அதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் ஆண்கள் பக்கம் நிற்பவர், சபையில் எல்லோருக்கும் அண்ணன். அவர் ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர். திருவிழா நெரிசலிலும் டிக்கெட் எடுக்காதவனைக் கண்ணாலேயே பிடித்தவர். மற்றது நான். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். நாலு வயதுப் பிள்ளை காற்சட்டைப் பைக்குள் எதை ஒளித்திருக்கிறது என்பதை அதன் நடையிலேயே சொல்லிவிடுவேன். எனக்கு மூக்கின் மேல் கோபம். சபையில் இளசுகள் எனக்கு, காவலுக்கு நிற்கும் சிப்பாயைப் போல, 'சென்றி டீச்சர்' என்று பட்டம் வைத்திருந்தது என் காதுக்கும் வந்தது. கோபப்படுவதற்குப் பதிலாக உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நான் எப்போதும் இப்படிப் பக்தியாக இருந்தவள் இல்லை. பிறந்தது கிறிஸ்தவ வீட்டில்தான், ஆனால் நத்தாருக்கும் கலியாணத்துக்கும் மட்டும் ஆலயம் போகிற கூட்டம் நாங்கள். என் கணவர் இறந்த பிறகுதான் ஒழுங்காகப் போகத் தொடங்கினேன். அவர் உடுத்தியிருந்த சட்டையையும் மூக்குக் கண்ணாடியையும் வைத்தியசாலையில் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுத் தந்தார்கள். அந்தப் பையை நான் பல நாட்கள் கையில் இருந்து விடவில்லை. அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அதோடேயே ஆலயத்துக்குப் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். அப்போது வாசலில் மேசை இல்லை. என் பையில் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரோ ஒரு அம்மா, எனக்குத் தெரியாதவர், எனக்கு இடம் விடுவதற்காக நகராமல், என் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று மத்தியானம் நான் சோறு சாப்பிட்டேன்.

எனக்குக் கிடைத்ததை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் வந்தது. சபைப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து சனிக்கிழமைகளில் வைத்தியசாலைக்குப் போவோம். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே காத்திருக்கிற சனத்துக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்போம். விரும்பினால் ஜெபம் பண்ணுவோம், விரும்பாவிட்டால் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். மதம் மாற்ற ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதைக் கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு தாய் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். வெல்லாவெளிப் பக்கம். மகன் மோட்டார் சைக்கிளில் போய் குருக்கள்மடத்துக்குக் கிட்ட, பிரதான வீதியில் அடிபட்டு உள்ளே கிடந்தான். அவள் ஒற்றைக் காலில் செருப்போடு வந்திருந்தாள். மற்றது ஓடி வந்த வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதுகொண்டே இருந்தாள். நான் தேத்தண்ணி கொடுத்தேன், கையைப் பிடித்து ஜெபித்தேன். புறப்படும்போது மனது கேட்காமல் என் காலில் கிடந்த இறப்பர்ச் செருப்பைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். நீல நிறம். இடது செருப்பின் வார் பிய்ந்து, அடியில் கட்டூசி குத்தி வைத்திருந்தேன்.

"எங்கட கோயில் வாவிக்கரை ரோட்டுலதான் இரிக்கி தங்கச்சி. எப்ப வேணுமெண்டாலும் வாங்க. கதவு திறந்துதான் கிடக்கும்" என்றேன்.

வெறுங்காலோடு வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் பெண்கள் கூட்டத்தில் அதையே சாட்சியாகவும் சொன்னேன். செருப்பைக் கழற்றிக் கொடுத்த இடம் வந்ததும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அந்தப் பையன் பிழைத்தானா என்று மட்டும் நான் விசாரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை போனபோது அந்தக் கதிரையில் வேறு யாரோ இருந்தார்கள், அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

மூன்று மாதம் கழித்து அந்த ஞாயிறு வந்தது. முதல் பாட்டு தொடங்கிவிட்டது. நானும் அண்ணனும் படலையைச் சாத்தப் போகும் நேரம், ஒரு பெண் வந்து நின்றாள். மெலிந்த முகம், எண்ணெய் காணாத தலை, தோளில் ஒரு ரெக்சின் பை. பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தாள். வேர்த்துக் கொட்டியது.

"எங்க இருந்து வாறீங்க?" என்று கேட்டேன்.

"வெல்லாவெளி."

கொப்பியை நீட்டினேன். பெயரையும் ஊரையும் எழுதினாள்.

"இஞ்ச ஆரையும் தெரியுமா தங்கச்சி?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "வரச் சொன்னாங்க" என்றாள்.

"ஆரு சொன்ன?"

"பேர் தெரியா."

"பேர் தெரியாத ஆள் சொன்னாங்க எண்டு உள்ள விட ஏலாதே. சரி, பையத் திறங்க பாப்பம்."

"ஏலா அக்கா."

நான் பையின் மேல் கை வைத்தேன். உள்ளே கெட்டியாக, உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. கூடவே ஒரு மணம் வந்தது. மருந்து மணம், எங்கோ நன்றாகத் தெரிந்த மணம், ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. உள்ளே நூற்றைம்பது பேர், முன்வரிசையில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். என் மனதில் அப்போது ஓடியதெல்லாம் அந்த உயிர்த்த ஞாயிறுதான். அண்ணனும் கவனித்துவிட்டார். மேசையைச் சுற்றி வந்து எனக்கும் அவளுக்கும் நடுவே நின்றார்.

"பையத் திறக்கவும் ஏலா, பொறுப்பெடுக்க ஆளும் இல்ல எண்டா உள்ள விட மாட்டம் தங்கச்சி. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான், "ஓம், போயிட்டு வாங்க" என்றேன். சொன்னது எந்தக் குரலில் என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகளை மூலையில் நிற்க வைக்கும்போது வரும் குரல். அவள் திரும்பிப் போனாள். படலையைச் சாத்திக் கொளுவியையும் போட்டேன். கடமையைச் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி.

பத்து நிமிடம் போயிருக்கும். உள்ளே வேத பாடம் வாசிக்கத் தொடங்கினார்கள். அண்ணன் படலைக் கம்பிகளுக்கூடாக வெளியே எட்டிப் பார்த்து, "டீச்சர், அந்தப் பொம்புள செருப்ப விட்டுட்டுப் போயிட்டா" என்றார்.

எங்கள் ஆலயத்தில் செருப்போடுதான் உள்ளே போவோம். சைவக் கோயிலுக்குப் போய்ப் பழகியவர்கள் வந்தால் வாசலிலேயே கழற்றிவிடுவார்கள், நாங்கள்தான் 'பரவாயில்லை, போட்டுக்கொண்டு வாங்க' என்போம். இவளும் அப்படித்தான் கழற்றியிருக்கிறாள், பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, எடுத்து ஓரமாக வைக்கப் படலையைத் திறந்து குனிந்தேன்.

நீல நிற இறப்பர்ச் செருப்பு. இடது செருப்பைத் திருப்பினேன். அடியில் துருப்பிடித்த கட்டூசி.

நான் அப்படியே தெருவில் குந்திவிட்டேன். மூன்று மாதமாக அந்தச் செருப்பின் கதையைக் கண்ட இடமெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். செருப்பை ஞாபகம் வைத்திருந்தேன், அந்த முகத்தை மறந்துவிட்டேன். வரச் சொன்னது நான். பெயர் தெரியாத ஆளும் நான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றது நான் அடையாளம் காண்பேன் என்ற நம்பிக்கையில்.

அப்போதுதான் அந்த மணமும் பிடிபட்டது. என் அப்பா வேளாண்மை செய்தவர். வட்டையில் நெல்லுக்கு மருந்து அடித்துவிட்டு வரும் நாட்களில் அம்மா அவரை வீட்டு வாசலுக்கே விடமாட்டா, நேரே கிணற்றடிக்கு அனுப்பிவிடுவா. அந்த நாட்களில் அப்பாவின் சட்டையில் வீசும் மணம் அது. ஒரு தாய் அந்தப் போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் ஏறி, இவ்வளவு தூரம் எதற்கு வந்தாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணன், அவவுக்கிட்ட இரிக்கிறது வயல் மருந்து" என்றேன். "குடிக்கத்தான் வெச்சிருக்கா."

அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் கொண்டக்டர் கொண்டக்டர்தான். "வாசல விட்டுட்டுப் போக ஏலாது டீச்சர். ரெண்டு பேரும் போனா இஞ்ச ஆரு நிக்கிற? பொலிசுக்கு போன் அடிப்பம்."

"நீங்க அடிங்க. நான் போறன்."

"தனியப் போய் என்ன செய்யப் போறீங்க?"

"எனக்குத் தெரியா!" என்று கத்தினேன். உள்ளே வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு வரி தடுமாறியது இங்கே கேட்டது.

சந்தியில் ஓட்டோ நின்றது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓட்டோக்காரர் என்னைக் கண்டதும் பயந்துவிட்டார். அவருடைய மகளுக்கு நான்தான் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தேன்.

"வெறுங்காலோட ஒரு பொம்புள போனாவா?"

"ஓம் டீச்சர். வாவிப் பக்கமாப் போனா. ஓட்டோ வேணுமா எண்டு கேட்டன், திரும்பியும் பாக்கல்ல."

ஏறினேன். ஐந்து நிமிட ஓட்டம்கூட இல்லை. அந்த ஐந்து நிமிடமும் நான் செய்த ஜெபத்தை எந்தக் கூட்டத்திலும் சொல்ல முடியாது. ஆண்டவரே, தயவு செய்து என்றெல்லாம் கெஞ்சவில்லை. பிழை செய்தது நான், தண்டனை அவளுக்கா, இது என்ன நியாயம் என்று சண்டை பிடித்தேன். நீர் இப்போது அவளை எடுத்தால் இனி நான் அந்த வாசலில் நிற்கவும் மாட்டேன், உள்ளே வரவும் மாட்டேன் என்று சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

வாவிக்கரையோரம் மர நிழலில் சீமெந்து வாங்குகள் இருக்கின்றன. பின்னேரங்களில் சனம் வந்து காற்று வாங்கும் இடம், காலையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தூரத்தில் ஒருவர் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். கடைசி வாங்கில் அவள் இருந்தாள். பை மடியில், சிப் திறந்திருந்தது, வலது கை பைக்குள். நான் ஓட்டோவைத் தள்ளியே நிறுத்தச் சொன்னேன்.

ஓடிப்போய்ப் பறிக்கத்தான் மனது சொன்னது. ஆனால் இருபத்தைந்து வருடம் பாலர் வகுப்பில் நின்ற உடம்பு அதற்கு விடவில்லை. பிள்ளையின் கையில் கத்திரிக்கோல் இருந்தால் பாய்ந்து பறிக்கக் கூடாது. பறித்தால் இறுக்கிப் பிடிக்கும். பக்கத்தில் போய், அதைவிடத் தணிந்து, நிலத்தில் உட்கார வேண்டும். நான் அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். செருப்பை அவள் காலடியில் வைத்தேன்.

"செருப்ப மறந்திட்டு வந்திட்டீங்க."

"மறக்கல்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. "அது உங்கட சாமான். உங்களக் கண்டு கதைப்பம் எண்டு வந்தன். உங்களுக்கு என்னத் தெரியல்ல. அதான் விட்டுட்டு வந்தன். பொறத்தியார்ர சாமான் என்னோட வரவேணாம் எண்டு."



"மகன்?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் நாள் போயிட்டான்."

பிறகு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். ஆண்டவர் கைவிடமாட்டார், அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார், எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கம் வைத்திருப்பார் என்று தொடங்கினேன். சனிக்கிழமைகளில் சொல்லிச் சொல்லி வாயில் பழகிய வசனங்கள், தானாக வந்தன.

அவள் என்னை நிறுத்தினாள். "அண்டைக்கும் இதத்தான் சொன்னீங்க அக்கா. கையப் புடிச்சிட்டுச் சொன்னீங்க. நானும் நம்பித்தான் இருந்தன். மறுகா அவன் செத்துப் போனான். உங்கட ஆண்டவர் அப்ப எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

 பைக்குள் இருந்த அவள் கை அசைந்தது. போத்தல் எதிலோ தட்டுப்படும் சத்தம் கேட்டது. ஓட்டோக்காரர் இறங்கி வரப் பார்த்தார், வேண்டாம் என்று கண்ணால் காட்டினேன்.

வேறு வழி தெரியாமல்தான் தோளில் கிடந்த என் பையைத் திறந்தேன். அவளைப் பையைத் திற என்று காலையில் அதட்டினேனே, அப்போது என் பையை யாருக்காவது காட்டினேனா? ஒவ்வொன்றாக எடுத்து அந்த வாங்கில், அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிரஷர் குளிசை. சீப்பு. பாடசாலைக் கதவின் திறப்பு. பிறகு கைலேஞ்சியில் சுற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடி, ஒரு கை உடைந்தது.

"இது என்ட மனிசன்ட" என்றேன். "பத்து வருசத்துக்கு மேல. எங்க போனாலும் கொண்டுதான் திரியிறன். அண்டைக்குக் காலம நெஞ்சு நோகுது எண்டு சொன்னார். வாய்வா இருக்கும், இஞ்சியும் உள்ளியும் அவிச்சுக் குடிங்க எண்டு சொல்லிட்டு நான் பள்ளிக்குப் போயிட்டன். பிள்ளைகள்ட கலை விழாவுக்குப் பழக்க இருந்திச்சி. மத்தியானம் வந்து பாக்கக்குள்ள அவர் அந்தக் கதிரையிலேயே…"

இதை நான் அதுவரை எந்த மனிதருக்கும் சொன்னதில்லை. என் சொந்தச் சகோதரிக்குக்கூடச் சொன்னதில்லை.

நான் வந்து உட்கார்ந்த பிறகு முதல் தடவையாக அவள் என்னை நேராகப் பார்த்தாள். "மறுகா எப்பிடி இருக்கிறீங்க?" என்று கேட்டாள். ஆறுதலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிய வேண்டி இருந்தது அவளுக்கு.

ஆகவே உண்மையைச் சொன்னேன். எங்கள் ஆராதனையில் தொடக்கத்திலேயே எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். நூற்றைம்பது பேரும் ஒரே குரலில் சொல்லும்போது ஆலயம் முழுக்க இரையும். அந்த இரைச்சலுக்குள் என் குரலைத் தனியாக ஒருவரும் கேட்க முடியாது. நான் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வதில்லை. இஞ்சியைச் சொல்லுவேன், வாய்வு என்றதைச் சொல்லுவேன், நான்தான் அவரைக் கொன்றேன் என்று சொல்லுவேன். வெளியில் எவருக்குச் சொன்னாலும், 'சேச்சே, அப்படி நினைக்காதீங்க, அது அவருடைய நேரம்' என்று என் வாயை அடைத்துவிடுவார்கள். அங்கே மட்டும்தான் ஒருவரும் அடைப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரத்துக்கு மட்டும் வாசலை அண்ணனிடம் விட்டு உள்ளே போய்ச் சொல்லிவிட்டு அந்த வாரத்தை ஓட்டுகிறேன். "அதுதான் எனக்குக் கிடைச்ச ஆறுதல். வேற பெரிசா ஒண்டும் இல்ல" என்றேன்.

தோணிக்காரர் வலையை இழுத்துவிட்டு இன்னொரு தடவை வீசினார்.

"நான் செஞ்சது உங்களுக்குத் தெரியா அக்கா" என்றாள். "முப்பத்தோராம் நாள் முடிஞ்சதில இருந்து மனிசன் என்னோட கதைக்கிற இல்ல."

"எனக்குச் சொல்ல வேணாம்."

"உங்கட வேதத்துக்கு மாறினாத்தானே அங்க உள்ள வந்து சொல்ல விடுவீங்க?"

"இல்ல. ஒண்டுக்கும் மாறத் தேவல்ல. வந்து இருந்தாச் சரி."

அவள் பைக்குள் இருந்து கையை எடுத்தாள். போத்தல் கையோடு வந்தது. மூடியின் சீல் உடையாமல் இருந்தது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். என் மடியில் வைத்தாள். நான் அதை என் பைக்குள் போட்டு, குளிசையையும் சீப்பையும் கண்ணாடியையும் அதற்கு மேலே போட்டு மூடினேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது கடைசிப் பாட்டு கேட்டது. படலைக்கு வெளியே ஒரு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளோடு நின்றார், அண்ணன் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அண்ணனின் தோள் இரண்டும் தளர்ந்தன. ஆனால் வாசலை விட்டு விலகவில்லை.

"பையில என்ன டீச்சர்?" என்றார், மெதுவாக.

பெண்களின் பையை ஆண்கள் தொடக் கூடாது, அது நாங்களே போட்ட சட்டம். நானே மேசையில் வைத்துத் திறந்து காட்டினேன். ஒளிக்க எனக்கு விருப்பம் இல்லை. அவரும் வேளாண்மைக் குடும்பம்தான், லேபிளைப் பார்த்ததுமே முகம் மாறியது. போத்தலை எடுத்து மேசைக்குப் பின்னால் இருந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பொலிஸ்காரரிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். பிறகு கொப்பியை எடுத்து என் பக்கம் திருப்பினார். காலையில் அவள் எழுதிய வரி இருந்தது. பெயர், வெல்லாவெளி, பொறுப்பு என்ற இடம் வெறுமையாக.

"ஆரு பொறுப்பு?"

"நான்."

கையெழுத்து வைத்தேன். அவர் பேனையை என் கையில் இருந்து வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தானும் ஒன்று வைத்தார்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று பின்னேரம் போதகரும் அவருடைய மனைவியும் நானும் அவளை அவளுடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அடுத்த நாள் அக்காவும் நானும் வைத்தியசாலையில் மனநல வைத்தியரிடம் கூட்டிப்போனோம், இன்னும் போகிறாள். கணவர் இப்போது கதைக்கிறார், அளவாக. அவள் தங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கும் போகிறாள், மாதம் ஒருமுறை எங்களிடமும் வருகிறாள். ஞானஸ்நானம் எப்போது என்று சபையில் சிலர் என்னைக் கேட்பார்கள். அது உங்களுக்கு என்ன கணக்கு என்று திருப்பிக் கேட்பேன். வாசலில் நான் இன்னும் நிற்கிறேன், பையும் பார்க்கிறேன். ஆனால் முதலில் முகத்தைப் பார்க்கிறேன், பிறகு காலைப் பார்க்கிறேன், பையைக் கடைசியாகத்தான்.

அந்த ஞாயிறு நாங்கள் உள்ளே போனபோது ஆசீர்வாதம் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. அவளைக் கடைசி வாங்கில் உட்கார வைத்து, நெருங்கி உட்கார்ந்தேன். எல்லோரும் போனார்கள். மின்விசிறிகளை நிறுத்தினார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"முடிஞ்சிதா?" என்று கேட்டாள்.

பாவ அறிக்கை தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? இந்த வெறும் ஆலயத்தில், இந்த அமைதியில், அவள் வாய் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டுவிடும். அவளுக்குத் தேவைப்பட்டது நூற்றைம்பது பேரின் இரைச்சல். இருந்தது நான் ஒருத்தி.

"இல்ல" என்றேன். "இப்பதான்."

முழந்தாளிட்டேன். மனப்பாடமாக இருந்த பாவ அறிக்கையைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் பக்கத்தில் அவளுடைய குரல் எழும்பியது, மெல்லியதாக, உடைந்து உடைந்து. முதல் சொல் எனக்குக் கேட்டது. அவளுடைய மகனின் பெயர். அதற்கு மேல் எனக்குக் கேட்கக் கூடாது என்று, தொண்டை கிழியும் அளவுக்கு என் குரலை உயர்த்தினேன்.